விறகு பிளக்கும் இயந்திரம்: முதல் கட்டையை வைக்கும் முன் காற்றை வெளியேற்றுங்கள்

போடி மலைச்சரிவில் ஏலத் தோட்டம் வைத்திருப்போருக்குச் சித்திரையும் வைகாசியும் ஓய்வில்லாத மாதங்கள். தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டும். கழித்தவற்றில் விறகுக்கு ஆவதை ஸ்டோருக்குக் கொண்டு சேர்த்து, பிளந்து, அடுக்கி, மழை படாமல் மூடி வைக்க வேண்டும். காய் எடுப்பு தொடங்கிவிட்டால் பிறகு விறகைப் பற்றி நினைக்க நேரமிராது. பச்சை ஏலக்காயில் நூற்றுக்கு 80 பங்கு நீர் இருக்கிறது. அதை 10 முதல் 12 பங்குக்குக் கொண்டுவர 45 முதல் 55 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் ஓர் இரவும் பகலும், சில வேளைகளில் அதற்கு மேலும், விடாமல் வேண்டும். நடுநிசியில் தீ தணிந்தால் காயின் பச்சை நிறம் போகும். நிறம் போன காய்க்குப் போடி ஏல மையத்தில் என்ன விலை கிடைக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோடாலி பிடிக்க ஆள் கிடைக்காத காரணத்தால், இப்போது சிலர் ஹைட்ராலிக் முறையில் இயங்கும் விறகு பிளக்கும் இயந்திரம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். புளி, சில்வர் ஓக், தைலமரம் என்று எதை வைத்தாலும் பிளக்கிறது. இருப்பினும் வாங்கிய முதல் வாரத்திலேயே பம்பைப் பழுதாக்கிக்கொண்டவர்களும், கையைக் காயப்படுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நான் விசாரித்த அளவில் பெரும்பாலும் காரணம் ஒன்றே. இயந்திரத்தின் உள்ளே இருந்த காற்றை வெளியேற்றாமல் வேலையைத் தொடங்கியதுதான்.

சிலமலையில் நடந்தது

போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையிலுள்ள சிலமலையில் ஒரு விவசாயி. கீழே தென்னையும் மாவும், மேலே போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலமும் வைத்திருப்பவர். புது இயந்திரம் ஒன்று வாங்கி வீட்டின் பின்புறம் இறக்கியிருந்தார். இயந்திரம் எண்ணெய் இல்லாமல்தான் வந்தது. அது வழக்கமான ஒன்று. கூடவே 10 லிட்டர் ஹைட்ராலிக் ஆயில் டின் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். டின்னைக் கவிழ்த்து டேங்கில் ஊற்றிவிட்டு, எஞ்சினைக் கிளப்பி, முழு வேகத்தில் வைத்து, கையோடு ஒரு புளியங்கட்டையைக் கிடத்திவிட்டார்கள்.

பம்பு வீறிட்டது. பிஸ்டன் தண்டு கொஞ்சம் முன்னே வந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கட்டை சரியாக உட்காரவில்லையோ என்று வேலையாள் ஒருவர் அதைக் கையால் அமுக்கிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கட்டை பிளந்து, தண்டு ஒரே துள்ளலாகத் துள்ளியது. கட்டைக்கும் ஆப்புக்கும் இடையே அகப்பட்ட விரலில் நகம் போயிற்று. விரல் தப்பியது அவருடைய நல்ல காலம். பத்து நாள் கழித்து நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, "சார், மெஷின் பேய் மாதிரி கத்துது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று அவர் வருத்தப்பட்டார். போடியிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் ஒரே சொல்லில் முடித்திருந்தார்: "அண்ணே, பம்பு போச்சு."

யாரும் ஏமாற்றவில்லை. டேங்கின் கொள்ளளவு 20 லிட்டர். சிலிண்டரின் உள் விட்டம் 100 மில்லிமீட்டர், தண்டு நகரும் நீளம் 60 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டு முழுவதும் வெளியே வரும்போது சிலிண்டரின் பின்பகுதி மட்டும் 4.7 லிட்டர் எண்ணெயைக் குடித்துவிடும். பம்பு, வடிகட்டி, குழாய்கள் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ ஒரு லிட்டர். ஊற்றிய பத்தில் மிஞ்சுவது 4 லிட்டர் சொச்சம். அதாவது 20 லிட்டர் டேங்கின் அடியில் ஐந்தில் ஒரு பங்கு. இயந்திரம் நின்ற இடமோ சரிவு. எண்ணெய் ஒரு மூலைக்கு ஒதுங்க, உறிஞ்சு குழாயின் சல்லடை பாதி வெளியே தெரிந்தது. பம்பு எண்ணெயோடு காற்றையும் சேர்த்து இழுத்தது. அன்று நடந்தது அவ்வளவே.

காற்று ஏன் ஆகாது?

பம்புசெட் வைத்திருப்போருக்கு இதை விளக்குவது எளிது. கிணற்றுப் பம்பில் காற்று பிடித்துக்கொண்டால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. உடனே புனலை வைத்துத் தண்ணீர் ஊற்றி, காற்று குமிழ் விட்டு வெளியேறும்வரை காத்திருக்கிறோம். டீசல் எஞ்சினில் டேங்க் காலியாகி மறுபடி டீசல் ஊற்றினால் எஞ்சின் கிளம்புவதில்லை. வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை ‘ஏர்’ எடுக்கிறோம். இந்த இரண்டும் தெரிந்த விவசாயிக்கு மூன்றாவதும் விளங்கும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. கிணற்றுப் பம்பும் டீசல் எஞ்சினும் காற்று இருந்தால் வேலை செய்ய மறுத்து நின்றுவிடும். விறகு இயந்திரம் நிற்காது. அரைகுறையாக வேலை செய்துகொண்டே தன்னையும் கெடுத்துக்கொள்ளும், ஆளையும் காயப்படுத்தும்.

எண்ணெயை அழுத்தினால் அது சுருங்குவது மிகக் குறைவு. இந்த இயந்திரங்களில் சதுர சென்டிமீட்டருக்கு 175 கிலோ அளவுக்கு அழுத்தம் ஏறும். லாரி டயரில் 7, 8 கிலோதான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 175 கிலோவிலும் எண்ணெய் நூற்றில் ஒரு பங்கு அளவே சுருங்கும். ஆகவே பம்பு தள்ளும் எண்ணெய் அத்தனையும் தண்டை நகர்த்தும். 100 மில்லிமீட்டர் சிலிண்டரின் முகப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஆக, ஆப்பின் மேல் கட்டை அழுந்தும் விசை ஏறத்தாழ 13.7 டன்.

காற்று அப்படியன்று. அது சுருண்டு கொடுக்கும். சிலிண்டரில் அரை லிட்டர் காற்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 100 கிலோவுக்கு ஏறும்போது அது 5 மில்லிலிட்டராகச் சுருங்கிவிடும், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. இந்தச் சுருக்கத்தை நிரப்புவதற்கே பம்பு தள்ளும் எண்ணெயில் அரை லிட்டர் செலவாகிறது. அதனால்தான் கட்டையைத் தொட்டவுடன் தண்டு தயங்கி நிற்கிறது. பிறகு கட்டை ‘டப்’ என்று பிளக்கிறது. எதிர்ப்பு போனவுடன் அழுத்தம் வீழ்கிறது. சுருண்டிருந்த காற்று கண் இமைக்கும் நேரத்தில் விரிகிறது. தண்டு அரை அங்குலம், ஓர் அங்குலம் தானாகத் துள்ளும். கைப்பிடியை விட்டுவிட்டாலும் துள்ளும். ஓர் அங்குலம் என்பது சின்ன அளவாகத் தோன்றலாம். விரலின் பருமனை நினைத்துக்கொண்டால் சின்ன அளவாகத் தோன்றாது.

பம்புக்கு நேரும் கேடு இன்னும் மோசமானது. பெரும்பாலும் இவற்றில் இருப்பது கியர் பம்பு. இரண்டு பற்சக்கரங்கள் ஒரு கூட்டுக்குள் மிக நெருக்கமாகச் சுழல்கின்றன. பற்களுக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் அவற்றைத் தேயாமல் காக்கிறது. பம்பு தள்ளுகிற எண்ணெயே பம்பின் மசகும்கூட. காற்று வந்தால் படலம் அறுந்து இரும்போடு இரும்பு உரசும். போதாததற்கு, எண்ணெயோடு வரும் காற்றுக் குமிழ்கள் அழுத்தம் மிகுந்த பக்கத்துக்குப் போனவுடன் நசுங்கி வெடிக்கும். அந்த இடத்தில் சூடு மிகும், எண்ணெய் கருகும், உலோகம் பொரிப் பொரியாகப் பெயரும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் கேட்டால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். சில நிமிடங்களே போதும், புதுப் பம்பு பழையதாகிவிடும். சிலமலை நண்பரின் பம்பைக் கழற்றிப் பார்த்தபோது உட்கூட்டில் உழுத சால்போலக் கோடுகள் விழுந்திருந்தன.

மலையில் கூடுதல் கவனம்

கீழே சமவெளியில் நன்றாக ஓடிய இயந்திரம் மேலே ஸ்டோரில் கத்துகிறது என்று சிலர் சொல்வதில் உண்மை உண்டு. டேங்கிலுள்ள எண்ணெயைப் பம்புக்குள் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் அந்த அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அத்துடன் அதிகாலைக் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும். 68 என்று எண்ணிட்ட ஹைட்ராலிக் ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 15 டிகிரியில் ஏறக்குறைய நான்கு மடங்கு கெட்டியாக இருக்கும். தள்ளும் விசை குறைவு, நகர வேண்டிய பொருளோ கெட்டி. பம்பு பட்டினி கிடக்கிறது. ஆகவே மேலே பயன்படுத்துவோர் 46 அல்லது 32 எண்ணுள்ள ஆயிலைப் பற்றி விற்பனையாளரிடம் கேளுங்கள். இயந்திரத்தோடு வரும் கையேட்டில் எந்த எண் ஏற்கப்பட்டிருக்கிறதோ அதையே ஊற்றவும். எந்த எண்ணாக இருந்தாலும் காலையில் முதல் சில நிமிடங்கள் கட்டையில்லாமல் மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் சற்று இளகிய பிறகே வேலையைத் தொடங்கவும்.

டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயையோ, பிரேக் ஆயிலையோ ஊற்றும் சிக்கனம் வேண்டாம். முன்னதில் அழுக்கு, பின்னது சிலிண்டரின் ரப்பர் சீல்களை ஊதச் செய்துவிடும்.

காற்றை வெளியேற்றும் முறை

அரை மணி நேர வேலை. இரண்டு பேர் இருந்தால் நலம். ஒருவர் கைப்பிடியில், மற்றவர் டேங்கின் மட்டக் கண்ணாடியில் கண் வைத்து.

முதலில் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நிற்கும் டேங்கில் மட்டம் பார்ப்பது வீண். பிறகு உறிஞ்சு குழாயைக் கவனியுங்கள். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த குழாய் அது. அதன் இரு முனைகளிலும் உள்ள கிளாம்புகளை இறுக்குங்கள். குழாய் மடங்கியோ சப்பியோ இருக்கக்கூடாது. டேங்க் மூடியையும் பாருங்கள். லாரியில் வரும்போது எண்ணெய் சிந்தாதிருக்க சில இயந்திரங்களில் துளையில்லாத மூடி போட்டிருப்பார்கள். மூச்சுத் துளையுள்ள மூடி தனியே பையில் கிடக்கும். அதை மாற்ற மறந்தால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது. மின்சாரத்தில் ஓடும் சிறிய இயந்திரங்களில் மூடிக்குப் பதிலாகக் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். ஓட்டும் முன் அதை மூன்று நான்கு சுற்று தளர்த்த வேண்டும். எடுத்துச் செல்லும்போது மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கியபடியே ஓட்டினால் அடைபட்ட காற்று அழுந்தி சீல்கள் பிய்ந்துபோகும்.

தண்டு முழுவதும் உள்ளே இருக்கும் நிலையில் மேல் கோடு வரை எண்ணெய் ஊற்றுங்கள். சுத்தமான புனல், மெல்லிய சல்லடை. ஊற்றிவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் பொறுத்திருங்கள். டேங்க் பம்பைவிட மேலே இருப்பதால் எண்ணெய் தானாக இறங்கி உறிஞ்சு குழாயை நிரப்பும். அங்குள்ள காற்று டேங்கின் வழியே மேலேறும். இந்தப் பொறுமைதான் பலரிடம் இல்லை.

அடுத்தது, எஞ்சினை ஓட்டாமலே பம்பைச் சுற்றுவது. பெட்ரோல் எஞ்சினானால் சுவிட்சை நிறுத்தி வைத்துக் கயிற்றை ஐந்தாறு தடவை இழுங்கள். டீசலானால் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக் கைப்பிடியால் சில சுற்று சுற்றுங்கள். மும்முனை மின்மோட்டாரானால் ஒரு நொடி போட்டு நிறுத்திச் சுழலும் திசையைப் பாருங்கள். பம்பின் மேல் அம்புக்குறி இருக்கும். கிணற்று மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் கொஞ்சமாவது தண்ணீர் வரும், கெடுதல் ஒன்றுமில்லை. கியர் பம்பு எதிர்த்திசையில் சுற்றினால் அச்சின் சீல் போய்விடும். திசை தவறென்றால் மின்பணியாளரைக் கொண்டு இரண்டு முனைகளை மாற்றிக்கொள்ளவும்.

இப்போது எஞ்சினைக் கிளப்பி, மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள். கைப்பிடி நடுவில் இருக்கட்டும். இந்த நிலையில் எண்ணெய் பம்பிலிருந்து வால்வு வழியாக மறுபடி டேங்குக்கே திரும்பும், சிலிண்டருக்குப் போகாது. இரண்டு மூன்று நிமிடம் இப்படியே ஓடட்டும். முதலில் ஒரு கரகரப்பு கேட்கும். அரை நிமிடத்தில் குறைந்து ஒரே சீராக வரவேண்டும். ஒரு நிமிடம் ஆகியும் வீறிடல் நிற்கவில்லையென்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஓட்டாதீர்கள். உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று நுழைகிறது.

சத்தம் சீரானபின், கட்டை எதுவும் வைக்காமல், கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளுங்கள். தண்டு விட்டு விட்டுத்தான் வரும், கலங்க வேண்டாம். மட்டக் கண்ணாடியில் எண்ணெய் வேகமாக இறங்கும். கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் மற்றவர் உரக்கச் சொல்ல வேண்டும். உடனே எஞ்சினை நிறுத்தி எண்ணெய் சேர்த்துவிட்டுத் தொடருங்கள். இந்த முதல் ஓட்டத்தில் மட்டும் தண்டு வெளியே இருக்கும்போது எண்ணெய் சேர்க்கலாம். அதுவும் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே வரைதான். ஏனென்றால் 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டு உள்ளே திரும்பும்போது தன் பருமனளவு, அதாவது 1.2 லிட்டர் எண்ணெயை டேங்குக்குத் தள்ளும். மேல் கோடு வரை ஊற்றியிருந்தால் அது மூச்சுத் துளை வழியாகப் பொங்கி வழியும்.

தண்டு கடைசிக்கு வந்தவுடன் கைப்பிடியை விட்டுவிடுங்கள். அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் அழுத்தம் ஏறி, உள்ளிருக்கும் காற்று சிறு சிறு குமிழ்களாக எண்ணெயில் கரைந்து கலந்துவிடும். பிறகு பிரிவது கடினம். கைப்பிடியைப் பின்னே இழுத்துத் தண்டை முழுவதும் உள்ளே கொண்டுவாருங்கள். இப்படி முழு நீளத்துக்கு எட்டு, பத்துத் தடவை. பாதி தூரம் போய்த் திரும்புவதால் பயனில்லை. சிலிண்டரின் முனையில் ஒளிந்திருக்கும் காற்று முழு ஓட்டத்தில்தான் எண்ணெயோடு அடித்துக்கொண்டு டேங்குக்குப் போகும். அங்கே குமிழாக மேலேறி மூச்சுத் துளை வழியே வெளியேறும்.

சிலிண்டரில் குழாய் பொருத்தும் வாய்கள் மேல்நோக்கி இருந்தால் காற்று எளிதில் போய்விடும். பக்கவாட்டிலோ கீழேயோ இருந்தால் மேல்புறத்தில் கொஞ்சம் காற்று தங்கிவிடும்; ஓட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கும். இதற்காக எஞ்சின் ஓடும்போது குழாய் இணைப்புகளைத் தளர்த்தி ‘ஏர்’ எடுக்கச் சிலர் முனைகிறார்கள். டீசல் எஞ்சினில் பழகிய கை அப்படித்தான் போகும். இங்கே அது கூடவே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பத்து ஓட்டம் முடிந்ததும் தண்டை உள்ளே இழுத்து எஞ்சினை நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால் எண்ணெய் மோர்போல வெளுத்து, மேலே நுரை நிற்கும். அது காற்று வெளிவருகிறது என்பதற்கு அடையாளம். நுரை அடங்கியபின் மேல் கோடு வரை எண்ணெய் சேர்த்து, மறுபடி ஐந்தாறு ஓட்டம். இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ தண்டு தயக்கமின்றி ஒரே சீராகப் போய் வரும், சத்தம் மாறாது, டேங்கில் எண்ணெய் தெளிவாக இருக்கும், மட்டம் மேற்கொண்டு குறையாது. இந்த நான்கும் சேர்ந்து வந்த பிறகே முதல் கட்டை. அதுவும் காய்ந்த புளி வேண்டாம். முறுக்கு நாரில்லாத, நேராகப் பிளக்கும் சின்னக் கட்டையாகப் பார்த்து வைத்து நாலைந்து பிளந்துவிட்டு, மறுபடி மட்டம் பாருங்கள்.

நுரை அடங்காவிட்டால்

இத்தனை செய்தும் நுரையும் சத்தமும் தொடர்ந்தால் காற்று பழையதன்று, புதிதாக நுழைந்துகொண்டிருக்கிறது. ‘எண்ணெய் எங்கும் ஒழுகவில்லையே’ என்று கேட்பார்கள். அழுத்தக் குழாயில் ஓட்டை இருந்தால்தான் எண்ணெய் வெளியே ஒழுகும். உறிஞ்சு குழாயில் ஓட்டை இருந்தால் இயந்திரம் ஓடும்போது காற்று உள்ளே போகுமே ஒழிய எண்ணெய் வெளியே வராது. கிணற்றுப் பம்பில் புட்வால்வோ உறிஞ்சு குழாயோ கசிந்தால் சாணித் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பது நம் வழக்கம். இதில் அந்த வித்தைக்கு இடமில்லை. மாறாக, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, உறிஞ்சு குழாயின் இணைப்புகள்மேல் ஒவ்வொன்றாகக் கெட்டியான எண்ணெயைத் தூரிகையால் தடவுங்கள். எந்த இடத்தில் தடவியவுடன் பம்பின் சத்தம் குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. எஞ்சினை நிறுத்தி கிளாம்பை மாற்றுங்கள். தடவும்போது சுழலும் அச்சின் பக்கம் கையோ வேட்டி நுனியோ போகாமல் பார்த்துக்கொள்ளவும். இன்னொரு காரணமும் உண்டு. டேங்குக்குத் திரும்பும் குழாயின் முனை எண்ணெய் மட்டத்துக்கு மேலே நின்றால், அருவிபோல் கொட்டி நுரையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பட்டறைகளில் செய்து தரும் இயந்திரங்களில் இந்தக் குறையை நான் பார்த்திருக்கிறேன். முனை எண்ணெய்க்குள் மூழ்கியிருக்குமாறு நீட்டித் தரச் சொல்லுங்கள்.

கையால் தொடாதீர்கள்

அழுத்தக் குழாயில் ஊசித்துளை போன்ற கசிவு ஏற்பட்டால், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நூலாகப் பீறிடும். அந்த நூலுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போகும் வலிமை உண்டு. கசிவைத் தேட விரலை வைத்துத் தடவுவது, ஓடும் இயந்திரத்தில் இணைப்பைத் தளர்த்துவது ஆகிய இரண்டும் இதனால்தான் கூடாது என்கிறேன். சந்தேகமுள்ள இடத்தில் ஓர் அட்டைத் துண்டை நீளமான குச்சியில் செருகிக் காட்டுங்கள். அட்டையில் எண்ணெய் பட்டால் கசிவு. பிறகு எஞ்சினை நிறுத்தி, கைப்பிடியை முன்னும் பின்னும் சில தடவை அசைத்து, உள்ளே நிற்கும் அழுத்தத்தை இறக்கிய பின்பே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

ஒருவேளை எண்ணெய் தோலுக்குள் போய்விட்டால் ஏமாந்துவிடாதீர்கள். பார்வைக்கு முள் குத்தியது போலத்தான் இருக்கும். முதல் மணி நேரத்தில் வலியும் பெரிதாக இராது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். உள்ளே எண்ணெய் விரலிலிருந்து உள்ளங்கைக்குப் பரவி, சதையை அழுகச் செய்யும். விரலையும் கையையும் எடுக்க நேர்ந்தவர்கள் உலகெங்கும் உண்டு. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து எண்ணெயைக் கழுவி எடுக்க வேண்டிய காயம் இது. அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு, தேனிப் பக்கத்தவரானால் க. விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, உடனே போகவேண்டும். ‘உயர் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது’ என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லவும் வேண்டும்.

கட்டையை வைப்பவர் ஒருவர், கைப்பிடி பிடிப்பவர் ஒருவர் என்ற பழக்கமும் நல்லதன்று. காற்று எடுக்கும்போது இருவர் இருக்கலாம். கட்டை பிளக்கும்போது ஒருவரே வைத்து, ஒருவரே இயக்க வேண்டும். தன் கை எங்கே இருக்கிறது என்பது தனக்குத்தான் தெரியும்.

ஜீப்பில் ஏற்றும்போது

சிலமலை நண்பர் புதுப் பம்பு போட்டு, மேலே சொன்னபடி காற்றை எடுத்து, வீட்டின் பின்புறம் இரண்டு நாள் பிளந்து பார்த்தார். சத்தமே இல்லை என்று மகிழ்ந்து எனக்குத் தகவல் சொன்னார். அடுத்த வாரம் இயந்திரத்தை ஜீப்பில் போட்டுப் போடிமெட்டு மலைப்பாதையில் ஏற்றினார். உயரம் இடம் கொடுக்கவில்லை என்று அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கிப் போனதில் எண்ணெயில் ஒரு பகுதி மூச்சுத் துளை வழியே ஜீப்பில் வடிந்தது. உறிஞ்சு குழாய்க்குள் காற்று புகுந்தது. ஸ்டோரில் இறக்கி நிமிர்த்திக் கிளப்பியதும் பழைய வீறிடல். இந்தத் தடவை அவர் கட்டையை வைக்கவில்லை, எஞ்சினை நிறுத்திவிட்டார். எண்ணெய் சேர்த்து, பொறுத்திருந்து, வெறும் ஓட்டமாகப் பத்துத் தடவை ஓட்டி, நுரை அடங்கிய பின்பே வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

ஆகவே ‘முதல் தடவை’ என்பது வாங்கிய நாளை மட்டும் குறிப்பதன்று. படுக்க வைத்து எடுத்துச் சென்றபின், குழாயோ வடிகட்டியோ மாற்றியபின், எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றியபின், எடுப்பு முடிந்து மாதக்கணக்கில் சும்மா கிடந்தபின் என ஒவ்வொரு தடவையும் அதே அரை மணி நேர வேலை உண்டு. மலைக்கு ஏற்றுவோர் இயந்திரத்தை நின்ற நிலையிலேயே கயிறு போட்டுக் கட்டி, துளையில்லாத அந்தப் பழைய மூடியை டேங்கில் திருகிக் கொண்டுபோகலாம். அதைத் தூக்கி எறிந்துவிடாமல் கருவிப் பெட்டியில் வைத்திருங்கள். மேலே போனவுடன் மாற்ற மறக்காதிருக்க, மூச்சுத் துளையுள்ள மூடியை எஞ்சின் கயிற்றின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார் சிலமலைக்காரர்.